நம் கோப்பையில் இருப்பது பாலா?



விடியற்காலை நான்கு மணிக்கு எந்தத் தோட்டத்து லயத்தின் வழியே நடந்தாலும் அடுப்படி விளக்குகள் எரிவதைப் பார்க்கலாம். சோறு வேகிறதோ இல்லையோ, தேத்தண்ணி கொதிக்காத வீடு கிடையாது. பசியாறாமல் பெரட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. தேத்தண்ணி குடிக்காமல் போகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பத்து மணிக்கு மரத்தடியில் ஒரு கோப்பை, வேலை முடிந்து வந்து ஒரு கோப்பை, மாலையில் ஒட்டுக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்து இன்னொரு கோப்பை. இப்படியே நம் பொழுது போகிறது.

சம்பளம், ஒப்பந்தம், சொக்சோ என்று எழுத வேண்டிய இடத்தில் தண்ணி கலக்குவதைப் பற்றி என்ன கட்டுரை என்று சில தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சங்க வேலையாகத் தோட்டந்தோட்டமாகப் போய் வருகிறோம். ஐம்பது வயதுகூட ஆகாத உழைப்பாளி கால் கட்டோடு கூட்டத்துக்கு வருகிறார். "என்ன அண்ணே, அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டால், "இல்ல தம்பி, இனிப்பு நீரு. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க" என்கிறார். செம்பனைக் குலை வெட்ட ஏற்றம் இறக்கம் பாராமல் நடக்க வேண்டிய கால் அது. விரல் போன பிறகு எந்த ஒப்பந்தத்தில் எத்தனை வெள்ளி கூட்டி வாங்கித் தந்தாலும் அவர் வெளிக்காட்டுக்குப் போகப் போவதில்லை.

2019-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட சுகாதாரக் கணக்கெடுப்பில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 31 விழுக்காடு. பத்துப் பேர் கூடி நின்றால் மூன்று பேர்! இதற்குத் தேத்தண்ணி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. பரம்பரை இருக்கிறது, சோறு இருக்கிறது, வேலை நின்ற பிறகு உடல் அசையாமல் போவதும் இருக்கிறது. ஆனால் நாள் தவறாமல், மூன்று வேளை, நான்கு வேளை நாமே ஊற்றிக் கொள்ளும் சீனி எது என்று பார்த்தால் கண் கோப்பையில்தான் போய் நிற்கிறது.

நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது தேத்தண்ணிப் பழக்கத்தைக் கொண்டு வரவில்லை. அவர்கள் குடித்தது நீராகாரம், கூழ், கஞ்சி. உடம்பு சரியில்லை என்றால் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட கொதிநீர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே ஏழை எளியவர் வீட்டுக்குத் தேயிலை வந்து சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். இங்கே கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை வெட்டிக் கொழுந்து கிள்ளியவர்களில் நம்மவர்கள் நிறைய. இன்றைக்கு அந்த மலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் கைதான் அதிகம். யார் கை கிள்ளினாலும், அந்தத் தேயிலையின் தூள்தான் நம் அடுப்பில் கொதிக்கிறது.

தேயிலை வந்த கையோடு டின் பாலும் வந்தது. அதற்கும் காரணம் உண்டு. லயத்தில் குளிர்பெட்டி கிடையாது. பல தோட்டங்களில் மின்சாரமே சில மணி நேரத்துக்குத்தான். கறந்த பால் மதியத்துக்குள் திரிந்துவிடும். டின் பாலோ திறந்து வைத்தாலும் நாலு நாள் தாங்கும். ஏன் தாங்குகிறது? சீனி! ஊறுகாயை உப்பு காப்பது போல டின் பாலைச் சீனி காக்கிறது. கெடாமல் இருப்பதற்காகப் போட்ட சீனி அது. நம் நாக்கு அதையே தேத்தண்ணியின் ருசி என்று பழகிக் கொண்டது.

அந்தக் காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையும் இருந்தது. ரப்பர் காட்டில் மேய்ந்த மாடு நாலு வீட்டுக்குப் பால் கொடுத்தது. மாடு வளர்த்த குடும்பத்துக்கு அது இரண்டாவது சம்பளம். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். கன்று மரத்தைக் கடித்துவிடும் என்று பல நிர்வாகங்கள் மாட்டுக்குத் தடை போட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பங்கள் மாட்டை விற்றுவிட்டுத்தான் போக முடிந்தது. மாடு போனதும் பாலும் போனது. டின் மட்டும் நின்றுவிட்டது.

இப்போது அந்த டின்னையே கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் மேலே ஒட்டியிருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 'சூசு' என்று போட்டிருக்கிறதா, 'கிரிமர்' என்று போட்டிருக்கிறதா? கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 'கிரிமர் மானிஸ்'. அது பால் அல்ல. சீனி, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பாலின் திடச்சத்து ஆகியவற்றைக் கலந்து செய்த குழம்பு. எந்தப் பொருள் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் 'கூலா' என்று இருந்தால் அந்த டின்னில் எல்லாவற்றையும்விடச் சீனிதான் அதிகம் என்று பொருள். எடையில் ஏறக்குறைய பாதி சீனி. 500 கிராம் டின் என்றால் கால் கிலோ சீனியை நாம் பால் என்று சொல்லி வாங்கி வருகிறோம்.

பாருங்கள் வேடிக்கையை. வெயிலில் குலை வெட்டியது நாம், உதிரிப் பழம் பொறுக்கியது நம் வீட்டுப் பெண்கள். அந்தப் பழத்தின் எண்ணெய் ஆலைக்குப் போய், சீனியோடு சேர்ந்து, டின்னில் அடைபட்டுத் திரும்பி நம் கோப்பைக்கே வந்து சேருகிறது, பால் என்ற பெயரில்!

ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி டின் பால் போட்டால் சுமார் 20 கிராம் சீனி, அதாவது நாலைந்து தேக்கரண்டி உள்ளே போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்த ஒருவருக்குச் சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று கூறியிருக்கிறது. மூன்று கிளாஸ் குடித்தால் கணக்கு 60. சோறு, பிஸ்கட், பலகாரம் எல்லாம் அதற்கு மேல். அரசாங்கம் 2019 ஜூலை முதல் போத்தலிலும் டப்பாவிலும் அடைத்து வரும் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. ஒட்டுக்கடையில் கலக்கித் தரும் தேத்தண்ணிக்கு அந்த வரி இல்லை. அங்கே காவல் நம் வாய்தான்.

குழந்தைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்றொரு பெண் டாக்டர் 1930-களில் சிங்கப்பூரில் பணியாற்றினார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுத்ததால் கைக்குழந்தைகள் நோஞ்சானாகிச் சாவதைக் கண்ணால் கண்டவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார். டின் பால் விற்கும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கக்கூடிய சபையில் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும், பால் மாவு தீர்ந்துவிட்டால் ஒரு கரண்டி டின் பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றுகிற வீடுகளை நாம் பார்க்கிறோம். வறுமைதான் அப்படிச் செய்ய வைக்கிறது, தாயின் குற்றம் என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் அது பிள்ளைக்கு உணவு ஆகாது. கிரிமர் அறவே ஆகாது. கையில் காசு இல்லாத வாரத்தில் அரசாங்கக் கிளினிக் நர்ஸிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எடை குறைந்த பிள்ளைகளுக்கு உதவி கிடைக்க வழி உண்டு.

சரி, டின் பாலை விட்டுவிட்டால் தேத்தண்ணி நாக்கில் ஏறுமா? இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஏறும். சீனி ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்று முதலில் யோசிக்க வேண்டும். தூளை அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்க விடுகிறோம். கடையில் துணிச் சல்லடையில் காலையில் போட்ட தூள் மதியம்வரை ஊறிக் கிடக்கிறது. சாயம் கறுத்துக் கசந்துவிடுகிறது. அந்தக் கசப்பை அடக்கத்தான் சீனியைக் கொட்டுகிறோம். தூள் சரியான அளவு கொதித்து, வாசனைச் சாமான் சேர்ந்து, உண்மையான பால் விழுந்தால் பாதிச் சீனியிலேயே ருசி நிற்கும். பட்டையும் ஏலக்காயும் இனிப்புப் பண்டங்களில் நாம் முகர்ந்து பழகிய வாசனை. அந்த மணம் ஏறும்போதே நாக்கு இனிப்பை எதிர்பார்த்துக் கொள்கிறது.

சாமான்களைப் பார்ப்போம். இஞ்சிதான் தலைவன். லயத்துக் கொல்லையில் ஒரு மூலை கிடைத்தாலும், அடுக்குமாடியில் ஒரு பழைய வாளி கிடைத்தாலும் இஞ்சி முளைக்கும். பட்டையைச் சந்தையில் 'காயு மானிஸ்' என்று விற்கிறார்கள், சுமத்ராவிலிருந்து வரும் தடித்த பட்டை. கறிக்கும் அதுதான், தேத்தண்ணிக்கும் அதுவே போதும். கிராம்பு இரண்டுக்கு மேல் போட்டால் பல் வலிக்கு வைத்த மருந்து போல் ஆகிவிடும். மிளகு நாலு மணி. நம் சரவாக்கில் விளைவதே நல்ல மிளகு. ஏலக்காயில் மட்டும் ஏமாறக் கூடாது. சந்தையில் 'புவா பெலாகா' என்று உருண்டையாக, வெளுப்பாக ஒன்று விற்கும். அது குருமாவுக்கு ஆகும். தேத்தண்ணிக்கு வேண்டியது நீளவாக்கில் பச்சையாக இருக்கும் நம் ஏலக்காய். விலை அதிகம்தான், ஆனால் நாலு பேருக்கு மூன்று காய் போதும். தோலைத் தூக்கி எறியாதீர்கள், அதிலும் வாசனை இருக்கிறது. அன்னாசிப்பூ சேர்ப்பவர்களும் உண்டு. அது நமக்குக் கறிக்குழம்பு ஞாபகத்தைத்தான் கொடுக்கிறது. கொல்லையில் செராய் இருந்தால் ஒரு தண்டைத் தட்டிப் போடலாம், பண்டான் இலையும் போடலாம். இது மலாயா மண்ணின் மசாலா, சேர்த்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

நாலு பேர் குடிக்கக் கணக்கு சொல்கிறோம். இரண்டரை கிளாஸ் தண்ணீரை அடுப்பில் வையுங்கள். கட்டை விரலின் மேல் கணு அளவு இஞ்சியைத் தோல் சீவி நசுக்கிப் போடுங்கள். மூன்று ஏலக்காய், ஒரு விரற்கணு நீளப் பட்டை, இரண்டு கிராம்பு, நாலு மிளகு எல்லாவற்றையும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். மாவாக இடித்தால் கலங்கிவிடும். தண்ணீர் கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் அப்படியே கொதிக்க வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது. இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் ஒரு குணம் உண்டு. சீனர்கள் அந்தக் குணத்தை வைத்தே, இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி உறைய வைத்து ஒரு பண்டம் செய்கிறார்கள். நன்றாகக் கொதித்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும். "இஞ்சி போட்டேன், பால் திரிஞ்சி போச்சு" என்று சொல்கிற அக்காமார் எல்லாரும் பாலையும் இஞ்சியையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றியவர்கள்தான்.

பிறகு தேயிலைத் தூள், தலை தட்டி மூன்று தேக்கரண்டி. தூள் என்பது இலையைவிட வேகமாகச் சாயம் இறங்குவது, ஆகவே இரண்டு நிமிடம் கொதித்தால் போதும். அதற்கு மேல் விட்டால் முன்னே சொன்ன கசப்பு வந்து சேரும். இப்போது இரண்டு கிளாஸ் பால் ஊற்றி, பொங்கி மேலே வரும்போது தீயைத் தணித்து, மறுபடி ஒருமுறை பொங்க விட்டு வடிகட்டுங்கள். கடைசியில் இரண்டு குவளையில் மாற்றி மாற்றி ஆற்றினால் நுரை கட்டும். ஒட்டுக்கடைக்காரர் இழுக்கிற இழுப்புக்கு நமக்கு இடம் போதாது. ஒரு முழ உயரம் போதும்.

பால் எது என்ற கேள்வி வரும். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் அந்தப் பாலே உத்தமம், ஆனால் ஒருமுறை நன்றாகக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். பெட்டியில் அடைத்து வரும் பாலில், திறக்கும் வரை குளிர்பெட்டி தேவைப்படாத வகையும் இருக்கிறது. இல்லையென்றால் கொழுப்பு நீக்காத பால் மாவு. ஒரு கிளாஸ் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி கரைத்தால் தேத்தண்ணிக்குப் போதும். ஆனால் 'மூன்றும் ஒன்றில்' என்று பொட்டலமாக வருகிறதே, அதைப் பால் மாவு என்று எண்ணிவிட வேண்டாம். பொட்டலத்தின் முதுகைப் படித்துப் பாருங்கள், அங்கேயும் சீனியார்தான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

சீனியைக் கிளாஸுக்கு ஒரு தேக்கரண்டியில் நிறுத்தப் பாருங்கள். இதுவரை டின் பால் குடித்துப் பழகியவருக்கு முதல் வாரம் சப்பென்றுதான் இருக்கும். ஒரேயடியாக வெட்டினால் வீட்டில் கலகம் வரும். இரண்டு தேக்கரண்டியில் தொடங்கி வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு புதுக் கணக்குக்கு வந்துவிடும். பிறகு கடைத் தேத்தண்ணியை வாயில் வைத்தால் "என்னடா இது பாகு!" என்று தோன்றும். வெளியில் குடித்தே ஆக வேண்டிய நாளில் 'கூராங் மானிஸ்' என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கு யாரும் கூடுதல் காசு கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. பட்டைத் தூள் குடித்தால் இனிப்பு நீர் போய்விடும் என்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். பட்டை வாசனைக்கு. மாத்திரை நோய்க்கு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக்குப் பார்க்கிறார்கள், மருந்தும் தருகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தைச் சோதித்துக் கொள்ள வேண்டும். உழைத்து உழைத்துக் களைத்துவிட்டோம் என்று நினைப்பது சில வேளைகளில் களைப்பாக இருக்காது.

இனிக் காசுக் கணக்கு. கடையில் ஒரு கிளாஸ் இரண்டு வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு இரண்டு கிளாஸ், மாதத்துக்கு 26 நாள் என்றால் 104 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். ஆக, ஒருவர் கடையில் குடிக்கும் தேத்தண்ணிக்காக மாதத்தில் ஒன்றரை நாள் குலை வெட்டுகிறார். குறைந்தபட்சச் சம்பளத்தில் நூறு வெள்ளி கூட்ட எத்தனை ஆண்டு, எத்தனை மனு, எத்தனை கூட்டம் தேவைப்பட்டது என்பது சங்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இதைச் சொல்வதால் ஒட்டுக்கடைக்கே போகாதீர்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். அங்கேதான் நம்மவர்கள் பத்திரிகை படிக்கிறார்கள், நியாயம் பேசுகிறார்கள், சங்கத்தையும் திட்டுகிறார்கள். நாளுக்கு ஒருமுறை போங்கள், மற்றதை வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். மிச்சப்படும் காசில் பால் மாவும் ஏலக்காயும் தாராளமாக வாங்கலாம்.

பெண்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடலில் சேர விடாமல் தடுக்கும். கீரையும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு அதே வாயோடு தேத்தண்ணி குடித்தால் கீரையின் பயன் பாதி அதனோடே போய்விடும். நம் பெண்களில் இரத்தச் சோகை உள்ளவர்கள் அதிகம். வாயும் வயிறுமாக இருப்பவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்கவே கூடாது. சிறு பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வேண்டாம். அழுகையை நிறுத்த ரொட்டியை அதில் நனைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதே ரொட்டியை வெறும் பாலில் நனைத்துக் கொடுத்தாலும் பிள்ளை அழுகையை நிறுத்தும்.

வெளிக்காட்டுக்குக் கொண்டு போகும் தேத்தண்ணி தனிச் சங்கதி. பால் கலந்ததைப் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி வெயிலில் மோட்டார் சைக்கிளில் மாட்டி வைத்தால் பத்து மணிக்குள் கெடத் தொடங்கும். பிளாஸ்க் இருந்தால் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் சூடேற்றி, அதைக் கொட்டிவிட்டுத் தேத்தண்ணியை ஊற்றுங்கள். அதைவிட நல்ல உபாயம் நமக்கு ஒரு குலை வெட்டும் தோழர் காட்டியது. மசாலாவும் தூளும் கொதித்த சாயத்தை மட்டும் பிளாஸ்கில் ஊற்றிக் கொள்கிறார். ஒரு சின்னப் போத்தலில் பால் மாவு தனியே. குடிக்கிற நேரத்தில் கலக்கிக் கொள்கிறார். கெட்டுப் போக அதில் ஒன்றுமில்லை. தேத்தண்ணி இருக்கிறதே என்று குடிதண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். வெயிலில் உடம்பு கேட்பது தண்ணீரைத்தான்.

மருந்து அடிக்கும், உரம் போடும் சகோதரிகளே, கோப்பையைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பல பேர் உடலைக் கெடுத்த பராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் புல்லைக் கொல்லும் மருந்து எதுவானாலும் மருந்துதான். கையுறையைக் கழற்றிய கையோடு முறுக்கை எடுத்துக் கடிப்பதை நாம் எத்தனையோ தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். கை கழுவத் தண்ணீர் வண்டியில் வரவில்லை என்றால் மண்டோரிடம் கேளுங்கள், அவர் சாக்குச் சொன்னால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

அந்தப் பத்து மணித் தேத்தண்ணி முதலாளி போடும் பிச்சை அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, தீபகற்பத்தில் எந்தத் தொழிலாளியையும் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுத்தாக வேண்டும். அங்கே பத்து நிமிடம், இங்கே பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டு, ஓய்வு கொடுத்துவிட்டோம் என்று சொல்லவும் முடியாது. குலைக் கணக்குக்குக் கூலி என்பதால் நம்மவர்களே ஓய்வை விட்டுவிட்டு ஓடுவதும் உண்டு. அது நம் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை.

இவ்வளவையும் ஒரு தோட்டத்தில் பெண்கள் கூட்டத்தில் சொன்னபோது, பின்வரிசையில் இருந்து ஒரு அக்காள் எழுந்து கேட்டார்: "எல்லாம் சரிங்க தம்பி. நாலு மணிக்கு எழுந்திரிச்சு சோறாக்கி, கறி வச்சு, புள்ளைங்களுக்குப் பலகாரம் கட்டி, அப்புறம் உரல்ல ஏலக்காயும் இடிக்கணுமா?" கூட்டமே சிரித்தது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. டின் பால் இரண்டு கரண்டியில் முடிகிற வேலை. அது நம் அடுக்களையை விட்டுப் போகாததற்கு விலை மட்டும் காரணமில்லை, அந்த நாலு மணியும் காரணம்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். வேலை இல்லாத நாளில் மசாலாவை மொத்தமாக இடித்து வைத்துக் கொள்ளுங்கள். சுக்கு 50 கிராம், ஏலக்காய் 25 கிராம், பட்டை 15 கிராம், மிளகு 10 கிராம், கிராம்பு 5 கிராம். வெயிலில் ஒரு மணி நேரம் காய வைத்து அரைத்து, ஈரம் படாத போத்தலில் மூடி வையுங்கள். கிளாஸுக்குக் கால் தேக்கரண்டி. கொதிக்கும் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, பிறகு தூள், பிறகு பால். இடிக்கிற வேலையும் இல்லை, இஞ்சி சீவுகிற வேலையும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் வாசனை போகும், ஆகவே கொஞ்சமாகவே அரையுங்கள்.

இரண்டாவது உபாயம் அண்ணன்மாருக்கு. ஒட்டுக்கடையில் தேத்தண்ணி இழுப்பவர் ஆண்தான். கல்யாண வீட்டில் அண்டாவில் கலக்குகிறவரும் ஆண்தான். வீட்டு அடுப்புக்கு முன் மட்டும் அந்தக் கை மறந்து போவானேன்? அக்காள் சோறாக்கும்போது பக்கத்து அடுப்பில் தண்ணீரை ஏற்றி வைக்கலாம். இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஆண்கள் பக்கம் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுமாதம் அதே தோட்டத்துக்குப் போனபோது, கமிட்டித் தலைவர் வீட்டில் தலைவரே அடுப்படியில் நின்று ஆற்றிக் கொண்டு வந்து வைத்தார். இஞ்சி கொஞ்சம் தூக்கல். சீனி அளவாக இருந்தது.